வாயுக் கசிவு: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் அமோனியா குளிரூட்டல் பிளாண்ட் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். எங்காவது வாயு கசிந்தது என்று செய்தி வந்தால் ஊரில் ஆட்கள் என்னைத்தான் பிடிக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

மலையகத்தில் ஏது இரசாயனத் தொழிற்சாலை? தேயிலையும் மரக்கறியும்தானே இருக்கிறது?

இந்தியாவின் போபாலில் இருந்தது போலப் பூச்சிமருந்து தயாரிக்கும் பெரிய ஆலை இங்கே இல்லை, சரி. ஆனால் விஷவாயு இருப்பதற்கு அப்படியொரு பெயர்ப்பலகை தொங்க வேண்டியதில்லை. குடிநீர் சுத்திகரிக்கும் இடங்களில் குளோரீன் சிலிண்டர் இருக்கலாம். பால் பதனிடும் இடம், ஐஸ் பெக்டரி, பெரிய குளிர்க் களஞ்சியம் என்றால் பெரும்பாலும் அமோனியா. கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் இறப்பர் பால் உறைந்துவிடாமல் இருக்கக் கலப்பதும் அதே அமோனியாதான். அப்புறம் வீதி இருக்கிறது: கடுகண்ணாவை ஏற்றத்திலும் கினிகத்தேனை வளைவுகளிலும் நமக்கு முன்னால் போகிற லொறியில் என்ன ஏற்றியிருக்கிறது என்று நாம் யாரும் கேட்பதில்லை.

தேயிலை ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஆபத்தா?

பெரிய அளவில் இல்லை. அடுப்புப் புகை உள்ளே தங்கினால் காபன் மொனொக்சைட்டு ஏறும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தலைவலியும் மயக்கமும் மட்டும்தான் அடையாளம். புகைக்குழாய் ஓட்டையாக இருந்தால் திருத்துங்கள். இந்தப் பக்கத்தின் மற்ற விஷயங்களோடு ஒப்பிட்டால் ஸ்டோர் அவ்வளவுதான்.

போபாலில் உண்மையில் என்ன நடந்தது?

1984 டிசம்பர் 2ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் யூனியன் கார்பைட்டுக்குச் சொந்தமான இந்தியக் கம்பனி நடத்திய ஆலையில், 610ஆம் இலக்கத் தாங்கிக்குள் தண்ணீர் போய்விட்டது. அதில் இருந்தது மீதைல் ஐசோசயனேற்று, செவின் என்ற பூச்சிமருந்து செய்வதற்கான இடைப்பொருள், 40 தொன்னுக்கு மேல். தண்ணீர் பட்டால் கொதித்து எழும் சரக்கு. தண்ணீர் எப்படிப் போனது என்பதில் இன்றைக்கும் சண்டை இருக்கிறது, கம்பனி நாசவேலை என்றது, மற்றவர்கள் குழாய் கழுவியபோது உள்ளே போனது என்கிறார்கள். என்னைக் கேட்டால் தண்ணீர் யார் விட்டது என்பதை விட, விட்ட பிறகு அதைத் தடுக்க வேண்டிய ஒன்றுகூட ஏன் வேலை செய்யவில்லை என்பதுதான் கேள்வி. தாங்கியைக் குளிராக வைக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. தப்பும் வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவி நச்சை எடுக்கும் ஸ்க்ரபர் தயார் நிலையில் இல்லை, ஓடியிருந்தாலும் அத்தனையைத் தாங்கியிருக்காது. தண்ணீர் பீச்சும் குழாய்களோ வாயு வெளியேறிய உயரத்துக்கு எட்டவில்லை. ஊருக்கான சைரன் சிறிது நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு ஆயிரக்கணக்கில் வந்தவர்களைப் பார்த்த டாக்டர்களுக்கு எந்த வாயு என்றே தெரியாது.

மத்தியப் பிரதேச அரசு உறுதிப்படுத்திய உடனடி மரணங்கள் 3,787. பிறகு இறந்தவர்களையும் சேர்த்தால் கணக்கு பல மடங்கு போகும். ஆலையை ஒட்டியிருந்த குடிசைகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் போனார்கள். ஸ்டோருக்குக் கீழே லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வேலை நிறுத்தி மூடிக்கிடக்கும் இடத்தில் எப்படிக் கசியும்? ஓடினால்தானே ஆபத்து?

இதுதான் பலர் பிழையாக நினைக்கும் இடம். 2020 மே 7ஆம் திகதி அதிகாலை விசாகப்பட்டினத்தில் எல்ஜி பொலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தார்கள். அப்போது கொரோனா முடக்கத்தால் ஆலை மூடியிருந்தது. ஸ்டைரீன் சும்மா இருக்கும் பொருள் இல்லை, சூடு ஏறினால் தானாகவே ஒன்றோடொன்று இணைய ஆரம்பித்து மேலும் சூடாகும், அதைத் தடுக்க ஒரு மருந்து கலந்து, குளிராகவும் வைத்திருக்க வேண்டும். நாட்கணக்கில் அசையாமல் கிடந்த தாங்கியின் மேற்பகுதி சூடாகியது, ஆனால் வெப்பமானி இருந்தது அடியில், அதனால் பார்த்தவர்களுக்கு எல்லாம் நன்றாகவே தெரிந்தது.

நமக்கு 2022இல் ஒரு நாளைக்கு 10 மணித்தியாலத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததே, அதை நினைத்துப் பாருங்கள். கரண்ட் போனால் குளிரூட்டல் நிற்கும், அலாரம் நிற்கும், காற்றாடி நிற்கும், வாயு மட்டும் தாங்கிக்குள் அப்படியே இருக்கும். ஹர்த்தால், ஊரடங்கு, பொங்கல் லீவு எதுவானாலும் மூடுவதற்கு ஒரு முறை, திறப்பதற்கு ஒரு முறை எழுத்தில் இருக்க வேண்டும். விபத்துகள் நிறுத்தும்போதும் திரும்பத் தொடங்கும்போதும்தான் அதிகம்.

மலையில் வாயு எந்தப் பக்கம் போகும்?

வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் தட்டையான நிலத்தில் காற்று வீசும் திசையைப் பற்றித்தான் பேசும். இங்கே சரிவைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். குளோரீன் காற்றை விட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரம், மீதைல் ஐசோசயனேற்று இரண்டு மடங்கு. இப்படிப்பட்ட வாயு காற்றில்லாத இரவில் தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து இறங்கும்: கான், ஓடை, படிக்கட்டு, கீழ் லயம், அப்புறம் ஆறு. அமோனியா காற்றை விட இலேசானது, பாதிதான் என்று சொல்லலாம், அதனால் மேலே போய்விடும் என்று நினைப்பார்கள். ஆனால் அழுத்தத்தில் திரவமாக இருந்தது திடீரென்று வெளியே வந்தால் கடுங்குளிரில் துளித்துளியாக, காற்று ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு நிலத்தோடு ஊர்ந்து போகும். சூடேறிய பிறகுதான் எழும்பும்.

இரவில் இன்னொரு சிக்கல். பகலில் மலைச்சரிவு சூடாகிக் காற்று மேலே ஏறும், இருட்டிய பிறகு குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கில் தங்கும், அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்டது போல நிற்கும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி பிடிக்கும் காலைகளை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதிரிக் காலைதான் மோசமான காலை. 1950 நவம்பர் 24 விடியற்காலையில் மெக்சிக்கோவின் போசா ரிக்காவில் ஐதரசன் சல்பைட்டு என்ற விஷவாயு வெளியேறியது, அரை மணித்தியாலம்கூட இல்லை. மூடுபனி, காற்றே இல்லை, மேலே சூடான காற்று மூடி போட்டது போல நின்றது. 22 பேர் இறந்தார்கள், 320 பேர் ஆஸ்பத்திரியில். 2005 ஜனவரியில் அமெரிக்காவின் கிரானிட்வில்லில் நடு இரவில் ரயில் மோதி 50 தொன்னுக்கு மேல் குளோரீன் கசிந்தபோதும் அது ஓடைப் பள்ளத்தில்தான் தேங்கியது, 9 பேர் போனார்கள்.

ஆகவே ஒரு தொழிற்சாலைக்கு இடம் பார்க்கும்போது அதிகாரிகள் அளக்கும் மீட்டர் தூரத்தை விட, அங்கிருந்து ஓடை எந்த லயத்துக்குப் போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மேல் பக்கம் 50 மீட்டரில் இருக்கும் வீடு, கீழ்ப் பக்கம் 300 மீட்டரில் இருக்கும் பிள்ளை மடுவத்தை (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தை) விடப் பத்திரமாக இருக்கலாம்.

பனியா வாயுவா என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, மலையகத்துக்காரர்தான் கேட்பார். அமோனியாக் கசிவு வெள்ளை வெளேரென்று பனிமூட்டம் போலவே இருக்கும். ஆனால் பனி ஊர் முழுக்கப் பரவி வரும், இது ஒரு இடத்திலிருந்து கிளம்பி வரும், கண்ணை எரிக்கும், மூச்சைப் பிடிக்கும். குளோரீன் மஞ்சள் கலந்த பச்சை, செறிவு குறைவாக இருந்தால் நிறம் தெரியாது, பிளீச்சிங் பவுடர் மணம் மட்டும் வரும். ஐதரசன் சல்பைட்டுத்தான் கள்ளன். முதலில் அழுகிய முட்டை மணம் வரும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் மணம் நின்றுவிடும், ஆள் நன்றாகிவிட்டது என்று நினைப்பான். மணம் நின்றது என்பதை வைத்து ஒருபோதும் உள்ளே போகாதீர்கள்.

கசிந்துவிட்டது. ஓடுவதா, வீட்டுக்குள் இருப்பதா?

கதவு யன்னலை மூடி உள்ளே இருங்கள் என்பதுதான் உலகம் முழுக்கச் சொல்லும் அறிவுரை, இறுக்கமாக மூடக்கூடிய சீமெந்து வீட்டுக்கு அது சரி. தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் கை போகிற இடைவெளி உள்ள லயத்துக்கு அது அரைகுறைப் பாதுகாப்புத்தான். அதனால் நான் சொல்வது: வாயு இன்னும் வந்து சேரவில்லை, மணம் இலேசாகத்தான் வருகிறது என்றால் உடனே கிளம்புங்கள். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அதற்குக் குறுக்காக, கூடவே மேட்டை நோக்கி. காற்றோடு சேர்ந்து ஓடினால் வாயு உங்களைத் துரத்திக்கொண்டே வரும், ஓடை வழியாகக் கீழே இறங்கினால் அதன் வழியிலேயே போகிறீர்கள். மேட்டுப் பாதை தொழிற்சாலையைத் தாண்டித்தான் போகிறது என்றால் அதில் போகாதீர்கள், தேயிலைக்குள் குறுக்காக ஏறுங்கள்.

வெளியே ஏற்கெனவே மூடிக்கொண்டுவிட்டது என்றால் அதற்குள் இறங்கி ஓட வேண்டாம், ஓடினால் மூச்சு வாங்கும், வாங்குகிற மூச்செல்லாம் விஷம். உள் அறைக்குப் போய் இடைவெளிகளை ஈரத் துணியால் அடையுங்கள். குளோரீன் என்றால் தரையில் படுக்கக் கூடாது, எவ்வளவு உயரத்தில் இருக்க முடியுமோ அவ்வளவு நல்லது. நெருப்புக்குக் குனிந்து போகச் சொல்லிக்கொடுத்த பழக்கம் இங்கே எதிராக வேலை செய்யும்.

முகத்தில் ஈரத்துணி கட்டினால் பயன் உண்டா?

அமோனியா, குளோரீன் தண்ணீரில் கரைகிறவை என்பதால் கொஞ்சம் உண்டு, வெளியே வந்து சேரும் சில நிமிடங்களுக்கு. காபன் மொனொக்சைட்டுக்கும் ஐதரசன் சல்பைட்டுக்கும் அதை நம்பக் கூடாது. கொரோனாக் கால மாஸ்க் எதற்கும் உதவாது.

பாதிக்கப்பட்டவருக்குப் பால் கொடுக்கலாமா?

வேண்டாம். பால், எலுமிச்சை, வெங்காயம் எதுவும் வேண்டாம். வாயு போனது நுரையீரலுக்கு, வயிற்றுக்கு இல்லை, மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதை ஊற்றினாலும் புரையேறும். நல்ல காற்றுக்குக் கொண்டுவாருங்கள், உடுப்பைக் கழற்றுங்கள், கண்ணையும் தோலையும் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். குளிரில் நடுங்குவார், கழுவிய பிறகு கம்பளியால் போர்த்துங்கள். நடக்க விடாதீர்கள், உட்கார வையுங்கள். 1990 சுவ செரிய அம்பியூலன்ஸைக் கூப்பிடும்போது என்ன வாயு என்று தெரிந்தால் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று: குளோரீன் மூச்சில் ஏறியவர் ஒரு மணித்தியாலத்தில் தேறிவிட்டேன் என்று வீட்டுக்குப் போய், இரவு நுரையீரலில் நீர் கட்டி மூச்சுத் திணறுவது நடக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு குளிசையோடு அனுப்பிவிடாமல் ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

குழிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் இறங்கித் தூக்கலாமா?

கூடாது. 2018 ஏப்ரலில் ஹொரணைப் பக்கம் இறப்பர் தொழிற்சாலை ஒன்றில் அமோனியாத் தாங்கிக்குள் ஒருவர் விழ, காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். கழிவுநீர்க் குழி, மலக்குழி, மாட்டுச்சாணக் குழி எல்லாவற்றிலும் இதே கதை, நம் ஆட்கள் கூட வேலை செய்பவனை விட்டுவிட்டு மேலே நிற்க மாட்டார்கள் என்பதால்தான் எண்ணிக்கை கூடுகிறது. காற்றுச் சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவி போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இழுக்க ஆள் வைத்து இறங்குவது ஒன்றே வழி. இதைக் குழியில் இறங்கும் முதல் ஆளுக்கே செய்திருந்தால், இரண்டாவது ஆள் இறங்கவே தேவையில்லை, மேலிருந்து இழுத்தால் போதும்.

குளோரீன் சிலிண்டர் கசிந்தால் தண்ணீர் அடிக்கலாமா?

கசியும் இடத்தில் அடிக்கக் கூடாது. ஈரக் குளோரீன் அமிலமாகி உலோகத்தைத் தின்னும், சின்னத் துளை பெரிதாகும், தண்ணீரின் சூட்டால் உள்ளே இருக்கும் திரவமும் வேகமாக ஆவியாகும். ஒரு லீட்டர் திரவக் குளோரீன் 450 லீட்டருக்கு மேல் வாயுவாகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி உள்ளவர், கருவி போட்டவர் செய்வது என்னவென்றால், திரவம் கசிந்தால் சிலிண்டரைத் திருப்பி ஓட்டை மேல் பக்கம் வரும்படி வைப்பது, அப்போது வாயு மட்டும் வரும், அளவு நன்றாகக் குறையும். எங்கே கசிகிறது என்று பார்க்க அமோனியாக் கரைசல் தொட்ட துணியைக் கிட்டே பிடித்தால் வெள்ளைப் புகை கிளம்பும்.

குளோரீன் சிலிண்டர் வைக்கும் அறை விஷயம்: காற்றுப் போக்கி தரையை ஒட்டி இருக்க வேண்டும், காற்றாடி சுவிட்ச் வெளியே, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். சுவாசக் கருவியைக் குளோரீன் அறைக்குள்ளேயே அழகாக மாட்டி வைத்திருந்த ஒரு இடத்தை நான் பார்த்திருக்கிறேன். கசிந்தால் அதை எடுக்க எதைப் போட்டுக்கொண்டு போவது என்று கேட்டேன், சிரித்தார்கள்.

அமோனியா பிளாண்டில் கசிவு எங்கே தொடங்கும்?

படத்தில் காட்டுவது போலத் தாங்கி வெடித்து அல்ல. எண்ணெய் வடிக்கும்போது. கொம்பிரசர் எண்ணெய் குழாய்களோடு போய்த் தாழ்ந்த இடங்களில் தேங்கும், அதை அவ்வப்போது வடிக்க வேண்டும், வால்வைத் திறந்து வைத்துவிட்டு ஆள் டீ குடிக்கப் போவார், எண்ணெய் முடிந்து அமோனியா பீறிடும். கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு ஒன்றைப் போட்டால் பிரச்சினை முடிந்தது, பெரிய விலையும் இல்லை. மற்றபடி துருப்பிடித்த குழாய், அதுவும் காப்புறைக்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாமல், நம் ஈரக் காற்றில் அது சீக்கிரம் நடக்கும். அப்புறம் யாரோ கழற்றி வேலை செய்துகொண்டிருக்கும் குழாயை அடுத்த ஷிப்ட் ஆள் தெரியாமல் திறப்பது. இதற்குப் பூட்டும் அட்டையும்: வேலை செய்பவன் தன் பூட்டை வால்வில் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது.

ஒரே ஒரு தடுப்பு நடவடிக்கை சொல்லச் சொன்னால்?

குறைவாக வைத்திருங்கள். டிரெவர் கிளெற்ஸ் என்ற பிரிட்டிஷ் பாதுகாப்பு நிபுணர் 1970களில் இருந்தே சொல்லி வந்தது இதுதான், உங்களிடம் இல்லாதது கசியாது. போபாலில் அத்தனை தொன் இடைப்பொருளைச் சேமித்து வைக்கவே தேவை இருக்கவில்லை, உண்டாக்கியதை உடனே பயன்படுத்தியிருக்கலாம், அதே பூச்சிமருந்துக்கு வேறு வழியும் இருந்தது. குளோரீன் வாயுவுக்குப் பதிலாக உப்பிலிருந்து அந்த இடத்திலேயே ஹைப்போகுளோரைட்டுக் கரைசல் (பிளீச் மாதிரி) செய்யும் முறை பல ஊர்களில் வந்துவிட்டது. செலவு கூடும், கரண்ட் வேண்டும், இருந்தாலும் பள்ளத்தாக்கு ஊருக்கு நான் அதைத்தான் தேர்வேன். அலாரமும் பயிற்சியும் அதற்குப் பிறகு.

அப்புறம், சின்னக் கசிவைச் சின்னது என்று விடாமல் இருப்பது. 2021இல் கொழும்புக்கு வெளியே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் நைத்திரிக் அமிலம் கசிவது தீப்பிடிப்பதற்குப் பல நாட்களுக்கு முன்பே கப்பலில் தெரியும். இரண்டு துறைமுகங்கள் அந்தக் கொள்கலனை இறக்க மறுத்தன.

சட்டம் என்ன சொல்கிறது, யாரிடம் போவது?

தேசிய சுற்றாடல் சட்டம், 1980 இன் 47ஆம் இலக்கம். அதன் கீழ் குறிப்பிட்ட வகைத் தொழிற்சாலைகள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுத்துப் புதுப்பிக்க வேண்டும். வேலையிடத்துக்குள் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், 1942 இன் 45ஆம் இலக்கம், அதைப் பார்ப்பது தொழில் திணைக்களம். பழைய சட்டம்தான், ஆனாலும் முறைப்பாடு கொடுக்கலாம். அவசரம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, தீயணைப்பு 110.

மேலே உள்ள தொழிற்சாலையில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்வார்களா?

தனியார் கம்பனி வாசலில் கேட்டால் செக்கியூரிட்டி திருப்பி அனுப்புவார். ஆனால் 2016 இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உரிமம் கொடுத்த அரச அலுவலகத்திடம் கேட்கலாம், தமிழிலேயே எழுதலாம். இரண்டு மூன்று விஷயத்தை நேராகக் கேளுங்கள்: எந்த வாயு, ஆகக் கூடியது எவ்வளவு கிலோ இருக்கும், கசிந்தால் லயத்துக்கு யார் எப்படி அறிவிப்பார்.

இதில் எனக்கு நீண்ட நாள் கோபம் ஒன்று உண்டு. எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருக்கும், வால்வைத் திருகுகிறவரும் குழியில் இறங்குகிறவரும் தமிழ் மட்டும் வாசிப்பவராக இருப்பார். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி, பெயின்ற் வாளி ஒன்றும் ஒரு பின்னேரமும் போதும். தொழிற்சங்கத் தலைவர்களே, சம்பளப் பேச்சுவார்த்தையில் இதையும் ஒரு வரி சேருங்கள்.

வீட்டிலும் இப்படி நடக்குமா?

கக்கூஸ் கழுவும் அசிட்டையும் பிளீச்சையும் ஒரே வாளியில் கலந்தால் குளோரீன் வரும், பிளீச்சோடு அமோனியா உள்ள கிளீனரைக் கலந்தால் குளோரமீன் என்ற இன்னொரு விஷவாயு. இரண்டு போத்தலையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கலந்துவிட்டால் அதற்கு மேல் எதையும் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காமல், கதவைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், வாளியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.